பழுது பார்த்தவன் முன் சீட்டில் ஏறட்டும்

போன மாதம் என் மகளின் காருக்கு மாத்தளை டவுனில் ஒரு கராஜில் பிரேக் பேட் மாற்றினார்கள். வண்டி வீட்டுக்கு வந்ததும், சும்மா இருக்கத் தெரியாத கை என்னுடையது, வீல் ஸ்பேனரை எடுத்து நட்டுகளைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று சக்கரங்களில் குறை இல்லை. இடது முன் சக்கரத்தில் நட்டுகள் விரலால் திருகிவிட்ட அளவில் நின்றன. அந்த வண்டியில்தான் அவள் தினமும் நாவுல வரை வேலைக்குப் போய் வருகிறாள்.

நட்டுகளை இறுக்கிவிட்டு நேரே அந்தக் கராஜுக்குப் போனேன். பொறுப்பில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கும். சலவை கலையாத சட்டை, கையில் ஒரு டேப் கணினி. விஷயத்தைச் சொன்னதும் அந்த டேப்பை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"ஸ்கேன் பண்ணிட்டுத்தான் குடுத்தோம் அங்கிள். பாருங்க, ஒரு எரரும் காட்டல."

"நட்டு இறுகலன்னா இது காட்டுமா தம்பி?"

"அதெல்லாம் பசங்க பாத்திருப்பாங்க."

"எந்தப் பையன் பாத்தான்? கூப்பிடுங்க."

யார் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இல்லை. 'பார்த்திருப்பாங்க' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். பார்த்தோம் என்று சொல்லலாம், பார்க்கவில்லை என்று சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் ஒருவனுடைய உயிரைத் தொங்கவிடுவதற்கு இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

வாகனப் பழுது பற்றி வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவர், மாணவர்களுக்காக என் அனுபவத்தைக் கொஞ்சம் சுவாரசியமாக எழுதித் தரச் சொல்லிக் கொண்டிருந்தார். சுவாரசியமாக எழுத எனக்கு வராது என்று தட்டிக்கழித்து வந்தேன். அந்தக் கராஜிலிருந்து திரும்பிய கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். இதில் சிரிப்பதற்கு அதிகமாக எதுவும் இருக்காது. படிக்கிற பிள்ளைகள் என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கப்போவதில்லை.

நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தை விட்டதும் மாத்தளையில் ஒரு கராஜில் சேர்ந்தேன். சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவினேன், ஜாக்கி அடித்தேன், ஏச்சு வாங்கினேன், கியர் பெட்டி இறக்கக் கற்றேன், பிரேக் வேலை கற்றேன். எல்லோரும் கற்கிற மாதிரிதான். அதை நீட்டி எழுதினால் எனக்கே தூக்கம் வரும். எனக்கு உண்மையான தொழில் தொடங்கியது, வேலை முடிந்த வண்டிகளை வெளியே விடுவதற்கு முன் பார்க்கும் பொறுப்பு என் கைக்கு வந்தபோதுதான். அதை எனக்குக் கொடுத்தவர் குணபால பாஸ்.

இங்கே கைவேலை தெரிந்த எவரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் எங்கள் கராஜில் பாஸ் என்றால் ஒரே ஆள்தான், ஃபோர்மன் குணபால. உக்குவளையிலிருந்து சைக்கிளில் வருவார். குரலை உயர்த்தி ஒருவரையும் பேசியது கிடையாது. தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் வேலை விஷயத்தில் சிங்களத்தில் ஒரு சொல் போதும் அவருக்கு. ஒரு வண்டி முடிந்தது என்று யாராவது சொன்னால், முதலில் தரையைப் பார்ப்பார். வண்டி நின்ற இடத்தில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டு, மோந்து பார்ப்பார். தண்ணீரா, எஞ்சின் ஒயிலா, பிரேக் ஒயிலா என்று தெரியாமல் எழும்ப மாட்டார். அதனால்தான் எங்கள் கராஜில் ஒரு சட்டம் இருந்தது. பார்த்து முடியும் வரை வண்டியைக் கழுவக் கூடாது. கழுவின வண்டியில் எல்லா ஈரமும் ஒரே ஈரம்.

தரைக்குப் பிறகு சக்கரம். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தாலும் அவர் கையால் ஸ்பேனர் போடுவார், எதிர் எதிர் நட்டாக. சக்கரத்தைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், பிறகு இரண்டு பக்கமும் பிடித்து. ஸ்டியரிங்கைக் கடைசி வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து, பிரேக் ஹோஸ் டயரில் உரசுகிறதா என்று பார்க்கச் சொல்வார். பானட்டுக்குள் துணி, ஸ்பேனர் ஏதாவது மறந்து கிடக்கிறதா என்று ஒரு தடவை கை விட்டுத் துழாவுவார். பிறகு பிரேக். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு பெடலை அடி அடியென்று அடித்து, அது இறுகியதும் காலை எடுக்காமலே எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டும். பெடல் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். நின்ற பிறகு, பலம் உள்ள மட்டும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கேயோ ஒழுகுகிறது. மிருதுவாக மிதித்துப் பார்த்து 'பிரேக் நல்லா இருக்கு' என்று சொல்கிறவன் ஏமாற்றுகிறான், அல்லது ஏமாந்திருக்கிறான். குழந்தை குறுக்கே ஓடும்போது எவனும் மிருதுவாக மிதிப்பதில்லை.

இவ்வளவும் வேறு கராஜ்களிலும் நல்ல ஆட்கள் செய்வதுதான். குணபால பாஸின் சொந்த வழக்கம் இதற்குப் பிறகுதான் வரும். வண்டியின் முன் இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வேலையைச் செய்தவன் யாரோ அவனைப் பார்ப்பார்.

"நகின்ன."

ஏறு என்று அர்த்தம். வேலை செய்தவன் முன் சீட்டில் ஏற வேண்டும். பாஸ் ஓட்டுவார், பிற்காலத்தில் நான் ஓட்டினேன். ரத்தோட்டை ரோட்டில் கொஞ்ச தூரம் ஏறி, அகலமான ஒரு வளைவில் திருப்பி, இறக்கத்தில் வருவோம். முதலில் மெதுவாகப் பிடித்து, பிறகு இறுக்கிப் பிடித்து. அந்த இடது சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை, காலுக்குக் கீழே பெடல் இல்லை. தான் செய்த வேலை மட்டும்தான் இருக்கிறது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் விடவில்லை என்று அர்த்தம். மறுபடியும் தரையைப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் கழுவல்.

ஒரு நாள் சீகிரியாவிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றும் ஜீப் ஒன்று வந்தது. ஸ்டியரிங் வேலை. எங்களோடு இருந்த ஒரு மெக்கானிக் செய்தார், கெட்டிக்காரர்தான். எல்லாம் பார்த்தாயிற்று, பாஸ் கதவைத் திறந்தார், இவர் ஏறினார். நான் பின்னால் இருந்தேன். ஏற்றம் முடிந்து வண்டியைத் திருப்பும் இடத்தில் இவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"பாஸ், கொஞ்சம் நிப்பாட்டுங்க."

பாஸ் நிறுத்தினார். இவர் இறங்கி வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்டியரிங் கம்பியின் முனையில் நட்டு கழலாமல் இருக்க ஒரு ஸ்ப்ளிட் பின் போடுவார்கள். அதைப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் அந்தச் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு வந்திருக்கிறது. போட்டிருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டு, முனைகளை மடித்துவிட்டு வந்து ஏறினார். பாஸ் ஒரு சொல் ஏசவில்லை. "யமு", போவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு இறக்கத்தில் விட்டார். கராஜுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும் என்னிடம் சொன்னார், "தம்பி, நம்ம கண்ணு பாக்காதத அந்த சீட்டு பாக்கும்" என்று.

அப்போதைய முதலாளி இந்த வழக்கத்தில் ஒருநாளும் கை வைக்கவில்லை. இரண்டு ஆட்களின் அரை மணி நேரம் போகிறதே என்று ஒரு தடவைகூட முனகவில்லை. பாஸ் வேலையை விட்டுப் போனார். சில காலத்தில் பெரிய முதலாளியும் காலமானார். அவருடைய மகன் வந்தார். இனி நான் எழுதப்போவது இவரைப் பற்றித்தான். பெயர் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது மரியாதையினால் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சின்ன முதலாளிக்கு வண்டி வெளியே போவது ஒரு கொண்டாட்டம். பெரிய வேலை முடிந்த எந்த வண்டியாக இருந்தாலும் முன் சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைத்து நசுக்க வேண்டும், பானட்டில் பூமாலை போட வேண்டும், சொந்தக்காரரின் கையில் சாவியைக் கொடுப்பதுபோல் நின்று போட்டோ பிடித்து போனில் போட வேண்டும். வஹகோட்டையிலிருந்து வந்த கத்தோலிக்கராக இருந்தாலும் சரி, டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிமாக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் அந்தத் தேசிக்காய்தான். அவர்களும் இது என்ன தலைவிதி என்று சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இதில் எனக்குக் கோபம் இல்லை. நானும் அம்மன் கோயிலில் தேர் இழுக்கிறவன்தான். என் கோபம் வேறு. போட்டோவுக்கு வண்டி பளபளக்க வேண்டும் என்பதற்காக, நான் பார்க்கும் முன்பே கழுவ ஆரம்பித்தார்கள். ராகு காலம் வருவதற்கு முன் வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும் என்பதற்காக, அரை மணி நேர ஓட்டத்தைக் கராஜைச் சுற்றி ஒரு வட்டமாகச் சுருக்கினார்கள். பஞ்சாங்கத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிற மனுஷன், பிரேக் குழாயைப் பார்க்க நேரமில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? சாமியை இவர் கராஜுக்கு வேலைக்கு வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். செய்யாத வேலையை எல்லாம் சாமி பார்த்துக்கொள்ளும்.

நான் சண்டை போட்டேன். சில நாள் ஜெயித்தேன், சில நாள் தோற்றேன். ஆனால் அந்த முன் சீட்டு விஷயத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வட்டம் சின்னதானாலும் வேலை செய்தவன் ஏறித்தான் ஆக வேண்டும்.

பள்ளிக்கூடங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்து மறுபடி திறக்கவிருந்த நேரம் அது. ரிஸ்வானா என்று ஒரு பெண். ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகளை டவுனுக்கு ஏற்றி வரும் வேன் அவளுடையது. முதலில் அவளுடைய கணவர்தான் ஓட்டினார். சக்கரை வியாதியில் அவருடைய காலை வெட்டி எடுத்த பிறகு இவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவளுடைய மகளும் அந்த வேனில்தான் பள்ளிக்குப் போவாள். மூடிக் கிடந்த காலத்தில் வேன் மழையிலும் வெயிலிலும் முற்றத்திலேயே நின்றது. ஓடாமல் நிற்கும் வண்டிக்குத் துரு உள்ளேயிருந்து பிடிக்கும். பிரேக் குழாய்கள் உளுத்துப் போயிருந்தன. பின் சக்கர சிலிண்டர்களும் இறுகிவிட்டன. எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி எங்களிடம் விட்டாள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்றைக்கு அவளுடைய வேன் வராவிட்டால், பெற்றோர்கள் வேறு வேனைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்தவர்கள் திரும்ப மாட்டார்கள். அவளுடைய வீடு முழுவதும் அந்த வேனின் மேல்தான் நின்றது.

வேலையைச் செய்தவர் ரஞ்சன், சின்ன முதலாளியின் மச்சான். கை சுத்தமான மெக்கானிக் என்று நானே மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வண்டி முடிந்தது என்றார்கள். நான் போனபோது வேன் கழுவி, மாலை போட்டு நின்றது. ரிஸ்வானா கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"மாணிக்கம் அண்ணே, நாளைக்கு சுபஹு தொழுத கையோட பிள்ளைகள ஏத்தப் போகணும். எல்லாம் செரிதானே?"

"இன்னும் நான் பாக்கல தங்கச்சி. பாத்துட்டுச் சொல்றேன்."

சின்ன முதலாளி தேசிக்காய்ப் பையோடு வந்தார். "அண்ணே, நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி வண்டி கேட்டைத் தாண்டணும். சும்மா ஒரு ரவுண்ட் போட்டுட்டு வந்துருங்க."

நான் குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தேன். முன்னாலிருந்து பின்னால் வரை புதுக் கறுப்புப் பெயின்ட். இன்னும் முழுசாகக் காயவில்லை, மணம் அடித்தது.

"அடியில பெயின்ட் அடிக்கச் சொன்னது யாரு?"

"நம்ம பக்கத்துல இருந்து ஃப்ரீயா அடிச்சிக் குடுத்தோம். கஸ்டமர் சந்தோஷப்படட்டும்."

வாஷரைக்கூட எண்ணித் தருகிற மனுஷன் வண்டி அடி முழுவதும் இலவசமாகப் பெயின்ட் அடித்தார் என்று என் காதில் பூ சுற்றினார். உள்ளே ஏறி உட்கார்ந்து பெடலை அடித்தேன். இறுகியது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பலம் கொண்ட மட்டும் மிதித்துப் பிடித்தேன். ஈரப் பஞ்சை மிதிப்பது போல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. இறங்கினேன்.

"ரஞ்சன், பிரேக் பைப்புல இருந்த ஏர எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"சரி. ஏறுங்க, போயிட்டு வருவோம்."

ரஞ்சன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. இன்னும் துடைத்தார்.

"எனக்கு அந்த லொறி வேலை கெடக்குண்ணே."

"லொறி எங்கயும் ஓடிப் போகாது. ஏறுங்க."

"தல சுத்துது. காலையில இருந்து ஒன்னும் சாப்பிடல."

பகல் சோற்றுப் பார்சலை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கினாலும் கதவைத் திறந்தபடியே நின்றேன்.

"ரஞ்சன், ஏறுவீங்களா, மாட்டீங்களா?"

சின்ன முதலாளி குறுக்கே வந்தார். "அவன விடுங்கண்ணே, நேரம் போகுது. இதென்ன சின்னப் புள்ள விளையாட்டு? நீங்க ஓட்டுங்க, நானே சொல்றேன்."

"அப்ப நீங்க ஏறுங்க முதலாளி."

அவரும் ஏறவில்லை. தேசிக்காயை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனார். ரிஸ்வானா எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் ஒருத்தரும் ஏற மாட்டேங்கிறீங்க?"

ரஞ்சன் துணியை பெஞ்சில் வைத்துவிட்டு, கேட்டைத் திறந்து வெளியே நடந்து போனார். அவர் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். செய்யக் கூடாததைச் செய்தார், ஆனால் அதில் ஏறி உட்காரும் அளவுக்கு நெஞ்சு கல்லாகவில்லை. மீதிப் பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது. இவ்வளவு தெரிந்தவன் முதலிலேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் வேனை மெல்ல உருட்டி, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழியின் மேல் நிறுத்தினேன். டோர்ச்சையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாயின் மேல் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே போனேன். பாதி வழியில் இரும்பு மென்மையானது. குழாயை நடுவில் வெட்டி, உளுத்த துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். பெற்றோல் போகிற ஹோஸ். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது அந்தக் குழாய்க்குள் ஏறுகிற அழுத்தத்தை அந்த ரப்பர் தாங்காது. ஊதும். ஊதி ஊதி ஒரு நாள் கிளிப்பிலிருந்து நழுவும். பின் பிரேக் போகும். முன் பிரேக் மட்டும் நிற்கும். ரத்தோட்டை இறக்கத்தில், நிறைந்த வேனோடு, அது சூடேறி எத்தனை வளைவுக்குத் தாங்கும் என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை மறைக்கத்தான் அத்தனை பெயின்ட்டும்.

"தங்கச்சி, இறங்கி வந்து பாருங்க."

அவள் அபாயாவைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒயில் படிந்த அந்தப் படிகளில் இறங்கி வந்தாள். டோர்ச் வெளிச்சத்தில் காட்டினேன். கையால் தொடச் சொன்னேன். தொட்டாள். மேலேயிருந்து சின்ன முதலாளி பேசினார்.

"புதுப் பைப் கெடைக்கல. கொழும்புல இருந்து வர நாலு நாள் ஆகும். வந்ததும் ஃப்ரீயா மாத்திக் குடுப்பேன். அது வரைக்கும் அதுக்கு ஒன்னும் ஆகாது."

கண்டியில் குழாய் வளைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் ஒரு ஆளை பஸ்ஸில் அனுப்பியிருந்தால் பகலுக்கு முன் குழாய் வந்திருக்கும். அந்த ஒரு ஆளை அனுப்ப இவருக்கு மனம் வரவில்லை. பூமாலைக்கு மட்டும் ஆள் போயிருக்கிறது. இதை நான் சத்தமாகவே சொன்னேன். என் வாழ்க்கையில் அந்தக் கராஜுக்குள் நான் கத்தியது அன்றைக்குத்தான்.

நான் எதிர்பார்த்தது ரிஸ்வானாவும் என்னோடு சேர்ந்து கத்துவாள் என்று. அவள் கத்தவில்லை. குழியின் சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு மிகவும் தணிந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, நான் மெதுவாப் போறேன். முதல் கியர்லயே இறங்குறேன். பைப் வார வரைக்கும் தானே. நாளைக்கு நான் போகலன்னா பிள்ளைகள் எல்லாம் போயிரும்."

"தங்கச்சி, நீங்க தொட்டுப் பாத்தீங்க."

"பாத்தேன். நாலே நாள் அண்ணே. அல்லாஹ் காப்பாத்துவான்."

"ஒங்க மகளும் இதுலதானே வரும்?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மேலே முதலாளிக்குத் தெம்பு வந்துவிட்டது. "வண்டி அவங்களோடது. அவங்களே சரிங்கிறாங்க. ஒங்களுக்கு என்னண்ணே? மேல வாங்க, நேரமாகுது."

வண்டி அவளுடையதுதான். சாவி அவள் கையில்தான். தடுக்க எனக்கு ஒரு அதிகாரமும் இல்லை. பொலிசுக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே யார் கேட்பார்கள், கேட்டு வருவதற்குள் விடிந்து பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். அவள் அப்படிக் கெஞ்சியதைக் கேட்டபோது எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அவளை அந்த நிலையில் நிறுத்திவிட்டு மேலே ராகு காலம் பார்த்துக்கொண்டிருந்தவன் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரியது. என் இடுப்புப் பையில் கட்டர் இருந்தது. எடுத்து, அந்த ரப்பர் ஹோஸை நடுவில் வெட்டினேன்.

பிரேக் ஒயில் என் கையிலும் சட்டையிலும் கொட்டிக் குழிக்குள் ஓடியது. இனி அந்த வண்டி அன்றைக்கு எங்கேயும் போக முடியாது.

ரிஸ்வானா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன செஞ்சிட்டீங்க, எங்கட சோத்துல மண் அள்ளிப் போட்டுட்டீங்களே" என்று அழுதாள். அவளுடைய வாப்பா வயதிருக்கும் எனக்கு. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். முதலாளி மேலே நின்று, கஸ்டமரின் சொத்தை நாசம் பண்ணினேன், பொலிசில் போடுவேன், இனி கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். "போடுங்க. போகும்போது அந்த ஹோஸையும் மறக்காம கொண்டு போங்க" என்றேன். அவர் போகவில்லை. போனால் ஹோஸைக் காட்ட வேண்டுமே.

கைகூடக் கழுவாமல் வெளியே வந்தேன். அன்றோடு என் தொழில் முடிந்தது. கேட்கிறவர்களிடம் ஓய்வு பெற்றவர் என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள். வயதும் ஆகியிருந்ததால் யாரும் மேலே கேட்பதில்லை. நான் துரத்தப்பட்டவன். அதை இந்தக் கட்டுரையில் எழுதி வைக்கிறேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வேறு வேன்களில் ஏறினார்கள். ரிஸ்வானா தன் வேனை இழுத்துக்கொண்டு போய் இன்னொரு கராஜில் ஒழுங்காகக் குழாய் மாற்றினாள். அதற்குள் அவளுடைய பிள்ளைகளில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். திரும்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க அவளுக்கு வெகுகாலம் பிடித்தது. டவுனில் என்னைக் கண்டால் மறுபக்கம் கடந்து போய்விடுவாள். எனக்கும் ரோஷம் இருந்தது. ஒரு நன்றி வேண்டாம், ஒரு சலாமாவது சொல்லியிருக்கலாம் என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன். "ஒன்னும் நடக்கல இல்ல, அப்ப எதுக்கு நன்றி?" என்று என் மனைவி கேட்டாள். அதுதான் இந்தத் தொழிலின் சாபம். ஒரு வேன் பள்ளத்தில் விழுந்தால் பேப்பரில் வரும், விசாரணை வரும், யாரையாவது பிடிப்பார்கள். விழாத வேனுக்கு விசாரணை கிடையாது. சின்ன முதலாளியின் கராஜ் இன்றைக்கும் நடக்கிறது. பெயர்ப் பலகை இன்னும் பெரிதாகியிருக்கிறது. ஸ்கேன் மெஷினும் வாங்கிவிட்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், இரண்டு வாரத்துக்கு முன், பிரஷர் மாத்திரை எடுக்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. ரிஸ்வானா வந்து அதில் உட்கார்ந்தாள். கணவருக்கு மருந்து எடுக்க வந்திருக்கிறாள். தற்செயலாக உட்கார்ந்துவிட்டு எழும்பிப் போவாள் என்று நினைத்தேன். எழும்பவில்லை.

"அண்ணே, நான் ஒங்க மேல கோவம்னு நெனச்சிருப்பீங்க."

"இல்லியா?"

"முதல்ல இருந்திச்சி. பொறகு இல்ல." கையிலிருந்த நம்பர் துண்டை மடித்துக்கொண்டே இருந்தாள். "நீங்க வெட்டலன்னா நான் எடுத்துட்டுப் போயிருப்பேன். தொட்டுப் பாத்துட்டும் போயிருப்பேன். ஒங்க மொகத்தக் கண்டா அது ஞாபகம் வரும். அதுதான் அந்தப் பக்கம் போவேன்."

இத்தனை காலம் அவளுக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை.

"இன்னமும் கனவு வரும் அண்ணே. அந்த இறக்கத்துல போய்க்கிட்டு இருப்பேன். மிதிச்சா பெடல் கீழ போயிரும். பின்னால பிள்ளைகள் பாட்டுப் படிச்சிக்கிட்டே வருவாங்க. எங்கட மகள்ட சத்தம் தனியாக் கேக்கும்."

அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து மருந்து ஜன்னலுக்குப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் பிரஷர் அன்றைக்கு எவ்வளவு என்று அளந்த தாதிக்கே பயம் வந்துவிட்டது. அந்தக் கனவு வர வேண்டியது அவளுக்கு இல்லை. வர வேண்டியவன் நிம்மதியாகத் தூங்கி எழும்பி, நல்ல நேரம் பார்த்து இன்றைக்கும் வண்டிகளை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறான்.